கடன் வசூல் போன்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

போன் இப்போது காதில் இருக்கிறது, எதிர்முனையில் ஒருவர் "இன்னும் அரை மணி நேரத்துல பணம் வரலைன்னா..." என்று சத்தம் போடுகிறார் என்றால், மீதியை அப்புறம் படிக்கலாம். முதலில் போனை வையுங்கள். கெஞ்ச வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம். கடன் நிஜமாகவே இருந்தாலும், ஒரு போனைப் பாதியில் வைத்ததால் உங்கள் மேல் எந்த நடவடிக்கையும் வராது.

பல்லடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சிட்டா எடுக்க, விண்ணப்பம் போட என்று வருகிறவர்கள், வேலை முடிந்ததும் கொஞ்சம் தயங்கி நின்று, குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, இதை மட்டும் கொஞ்சம் பாருங்க" என்று போனை நீட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நீட்டும்போதே முகம் சுண்டியிருக்கும். நம்ம பக்கம் கடன் இல்லாத வீடு குறைவு. தறிக்கு லோன், லாரிக்கு பைனான்ஸ், தோட்டத்துக்கு சொசைட்டிக் கடன், பொம்பளைகளுக்குக் குழு லோன், அவசரத்துக்கு நகை அடகு. அதனால் குருட்டாம்போக்கில் நூறு பேருக்குப் போன் போட்டாலும், அதில் பாதிப் பேருக்கு "நம்ம டியூவாத்தான் இருக்குமோ" என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஊருக்குள் கடன்காரன் என்று பேர் வந்துவிடக் கூடாது என்ற மானம் வேறு. மோசடிக்காரன் இந்த இரண்டையும் நம்பித்தான் தொழில் செய்கிறான்.

கீழே வருவது எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விதிதான். உங்களைக் கூப்பிட்டவரிடம் கடனைப் பற்றிப் பேசாதீர்கள். கடன் கொடுத்த இடத்துக்கு நீங்களே போய், அல்லது நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள். உங்களுக்கு வந்திருப்பது எந்த மாதிரியோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

அறிகுறி: வாங்காத கடனைக் கட்டச் சொல்கிறார்கள்

இதில் நாலு விதம் உண்டு.

முழுப் பொய்யாக இருக்கலாம். உங்கள் நம்பரை முன்பு வைத்திருந்தவர் வாங்கிய கடனாக இருக்கலாம். புது சிம் வாங்கியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. உறவுக்காரரோ கூட வேலை செய்பவரோ வாங்கிய கடனுக்கு உங்கள் நம்பரை ரெபரன்ஸாகக் கொடுத்திருக்கலாம். இங்கே ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்: ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் கடன் வாங்கியவருக்குள்ள அதே பொறுப்பு உங்களுக்கும் உண்டு. வெறும் ரெபரன்ஸாகப் பெயர் இருந்தால் ஒரு ரூபாய் கூடக் கட்ட வேண்டியதில்லை. "ரெபரன்ஸும் கட்டணும், சட்டம் அப்படித்தான்" என்று அவர்கள் சொல்வது பொய்.

நாலாவதுதான் கவனிக்க வேண்டியது. உங்கள் பான், ஆதார் நகலை வைத்து யாரோ உங்கள் பெயரில் கடன் எடுத்திருப்பது. கண்டுபிடிக்கும் வழி சுலபம். நம் பெயரிலுள்ள கடன்களையெல்லாம் பதிந்து வைக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நாலு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். இது ரிசர்வ் வங்கி உத்தரவு, 2017-லிருந்து இருக்கிறது. அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் எடுங்கள். மதிப்பெண்ணைப் பார்த்து வெசனப்படாதீர்கள். அது இப்போது முக்கியமில்லை. கீழே கணக்குகள் வரிசையாக இருக்கும், எந்த நிறுவனம், எந்தத் தேதியில், எவ்வளவு என்று. உங்களுக்குத் தெரியாத பெயர் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் விரல் வைத்துப் பாருங்கள்.

இல்லை என்றால், போன் செய்தவர் சொன்னது அநேகமாகக் கதை, அல்லது வேறு ஒருவரின் கடன். நம்பரைத் தடை செய்துவிட்டு, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம். பணம் போகாத அழைப்புகளுக்கு அந்த இடம்தான் சரி. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் அதே தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இருக்கிறது என்றால், அப்போதும் போன் செய்தவரிடம் பேச வேண்டாம். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள், அறிக்கை தந்த நிறுவனத்தின் தளத்திலும் 'டிஸ்பியூட்' பதிவு செய்யுங்கள், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். 30 நாளில் பிரச்சினையைத் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள். பதில் சீக்கிரம் வரும்.

அறிகுறி: கடன் உண்டு, டியூவும் தவறிவிட்டது, கூப்பிடுகிறவர் நிஜமான ஆளா என்று தெரியவில்லை

அதிகம் பேர் விழுவது இங்கேதான். பாதி உண்மை கலந்திருப்பதால் பொய் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சோமனூர்ப் பக்கமிருந்து ஒரு தறிக்காரர் வந்தார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். சட்டைக் காலரில் பஞ்சு அப்படியே ஒட்டியிருந்தது, ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டு வந்த மாதிரி. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "தம்பி, ஒரு லட்சத்து நாப்பதாயிரம் உடனே போட்டு உடணும். எனக்கு இந்த போன்ல அவ்வளவு போகமாட்டேங்குது. என்ன பண்றதுன்னு பாரு" என்றார். எதற்கு என்று கேட்டேன். தறி லோனில் இன்னும் நாலு லட்சத்து அறுபதாயிரம் பாக்கி, இரண்டு டியூ நின்றுவிட்டது, காலையில் வங்கியின் வசூல் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள், இன்று சாயங்காலம் அஞ்சு மணிக்குள் ஒரு லட்சத்து நாற்பது கட்டினால் முழுக் கடனும் செட்டில்மென்ட் ஆகிவிடும் என்றார்.

"ஆளு நெசமான ஆளுதான் தம்பி. லோன் நம்பர் சொல்றான், எப்ப வாங்குனேன்னு சொல்றான், எத்தனை டியூ நிக்குதுன்னு சொல்றான்."

யுபிஐயில் அந்த ஐடியைப் போட்டுப் பார்த்தோம். வங்கியின் பெயர் வரவில்லை. யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. அதைக் காட்டியும் அவருக்கு மனம் ஆறவில்லை, "கலெக்‌ஷன் ஆளு பேரா இருக்கும்" என்றார். சரி, நீங்களே கூப்பிட்டு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள் என்றேன்: "பணம் கையில் இருக்கு, கிளைக்கே வந்து கட்டிடறேன்." கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "கிளைக்குப் போனீங்கன்னா ஆஃபர் கேன்சல் ஆயிரும் சார், மேனேஜருக்கே இது தெரியாது, நேரா ஹெட் ஆபீஸ் விஷயம்" என்று பதில் வந்தது. அவர் போனை வைத்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்தார்.

கடன் ஒப்பந்தத்தில் அச்சிட்டிருந்த கிளை எண்ணுக்குப் பேசினோம். செட்டில்மென்ட் எதுவும் இல்லை. இரண்டு டியூ நிற்பது மட்டும் உண்மை. மறுநாள் கிளைக்குப் போய் ஒரு டியூவை அபராதத்தோடு கட்டிவிட்டு, இன்னொன்றுக்குத் தேதி வாங்கிக்கொண்டு வந்தார்.

லோன் நம்பர் தெரிந்திருப்பது ஆள் நிஜமானவர் என்பதற்குச் சாட்சியாகாது. கடன் வாங்கித் தரும் ஏஜென்ட், விண்ணப்பம் போட்ட ஆப், அதற்குக் கொடுத்த நகல்கள் என்று நம் விவரம் எத்தனையோ கை மாறுகிறது. உங்களைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரிகிறது என்பதை விட்டுவிட்டு, பணம் எங்கே போகச் சொல்கிறார் என்று பாருங்கள். பணம் கடன் கணக்குக்கே போக வேண்டும். தனி ஆளின் யுபிஐ, தனி ஆளின் வங்கிக் கணக்கு, கியூஆர் படம் அனுப்பி 'ஸ்கேன் பண்ணுங்க' என்பது எல்லாம் ஒரே வகைதான். ஆப் மூலம் வாங்கிய கடனிலும் கூட, திருப்பிக் கட்டும் பணம் நேராகக் கடன் கொடுத்த நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும், நடுவில் யார் கணக்கும் வரக் கூடாது என்பது 2022-லிருந்து ரிசர்வ் வங்கியின் விதி.

செட்டில்மென்ட் என்பது வங்கிகளில் உண்டுதான். ஆனால் அது எழுத்தில் வரும்: தொகை, கடைசித் தேதி, கட்ட வேண்டிய கணக்கு, கட்டிய பிறகு நோ டியூ சான்றிதழ் தருவது பற்றி எல்லாம் கடிதத்தில் இருக்கும். அந்தக் கடிதம் கையில் வராமல் பணம் போடாதீர்கள். வந்தாலும் கிளையில் ஒரு முறை காட்டிக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

வசூல் ஏஜென்சியிடம் உங்கள் கணக்கை ஒப்படைத்தால், அந்த ஏஜென்சி யார் என்று கடன் கொடுத்தவர் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே கூப்பிடுகிறவரிடம் பெயர், ஏஜென்சியின் பெயர், அங்கீகாரக் கடிதம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். பதிலை நம்பி முடிவெடுக்கக் கேட்கச் சொல்லவில்லை. குறித்துக்கொண்டு, வைத்துவிட்டு, கிளையைக் கேட்பதற்காக.

கிளை நம்பரை எங்கே எடுப்பது? பாஸ்புக், கடன் ஒப்பந்தம், கார்டின் பின்பக்கம். கூகுளில் தேடி முதலில் வரும் 'கஸ்டமர் கேர்' எண்ணைக் கூப்பிடாதீர்கள். அங்கேயும் போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். வங்கித் தளங்களின் முகவரி இப்போது 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்ணைப் பயன்படுத்தச் சொல்லி ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதற்காகச் சாதாரணப் பத்து இலக்க எண் வந்தாலே மோசடி என்று முடிவு கட்டிவிட முடியாது. ஏஜென்சி ஆட்கள் சொந்த போனில் கூப்பிடுவது இன்னும் நடக்கிறது. எந்த எண்ணாக இருந்தாலும் பதில் ஒன்றுதான்: நான் கிளையில் பேசிக்கொள்கிறேன்.

விசாரித்ததில் ஆள் நிஜமான ஏஜென்ட்தான், ஆனால் வாய்க்கு வந்தபடி பேசுகிறார் என்றால்? அது மோசடி இல்லை, விதிமீறல். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடன் பாக்கிக்காகக் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, வீட்டாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தெளிவாக உத்தரவு போட்டிருக்கிறது. நாள், நேரம், எண், சொன்ன வார்த்தை என்று நோட்டில் எழுதி முதலில் வங்கிக்குப் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

அறிகுறி: போலீஸ், வாரண்ட், கோர்ட் என்று மிரட்டுகிறார்கள்

கோபியிலிருந்து கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன், அவனுடைய அய்யனுக்கு வாட்ஸ்அப்பில் வந்த நோட்டீசைப் பிரிண்ட் எடுக்க வந்தான். மேலே சிங்கச் சின்னம், கீழே சிவப்பில் வட்ட முத்திரை, டெல்லியில் உள்ள ஒரு நீதிமன்றத்தின் பெயர். 'அரஸ்ட் வாரண்ட்' என்று தலைப்பு. உள்ளே வழக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் கடன் எண் இருந்தது. கடைசி வரியில் கட்ட வேண்டிய யுபிஐ ஐடி. எந்த நீதிமன்றமும் வாரண்டுக்குக் கீழே யுபிஐ ஐடி போடாது. அதைக் காட்டியதும் பையன் பிரிண்ட் எடுக்காமலே போனான்.

கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். அதற்காக மட்டும் யாரும் கைது செய்ய வர முடியாது. பொய் ஆவணம் கொடுத்து வாங்கியது போன்ற தனிக் குற்றம் இருந்தால் அது வேறு. செக் திரும்பிய வழக்கு குற்ற வழக்குதான், ஆனால் அதற்கும் வரிசை உண்டு. வங்கி திருப்பி அனுப்பிய 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் வர வேண்டும், நோட்டீஸ் கிடைத்த பிறகு பணம் கட்ட 15 நாள் தர வேண்டும், அதற்கும் பிறகுதான் நீதிமன்றத்தில் புகார். காலையில் செக் திரும்பி மத்தியானம் போலீஸ் வீட்டுக்கு வருவது என்பது கிடையாது.

'நாளைக்கே தோட்டத்தை ஜப்தி பண்றோம்' என்பதும் நம்ம பக்கம் அதிகம் கேட்கும் மிரட்டல். வீடு, கட்டடத்தை அடமானம் வைத்த கடனில், நீதிமன்ற வழக்கு இல்லாமலே சொத்தை எடுக்க வங்கிக்கு வழி தரும் சர்ஃபேசி சட்டப்படி நடவடிக்கை எடுத்தால் முதலில் எழுத்தில் 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. நீதிமன்றம், தீர்ப்பாயம் வழியாகத்தான் வர முடியும். ஒரே ராத்திரியில் எதுவும் போகாது.

விசாரணைக்கு வரச் சொல்லும் நோட்டீசைப் போலீஸ் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. வீடியோ கால் போட்டு, காக்கிச் சட்டையோடு உட்கார்ந்து, 'நீங்கள் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள், கேமராவை அணைக்கக் கூடாது' என்றால் அணைத்துவிடுங்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. அரசு ஊழியர் போல நடிப்பதே பாரதிய நியாய சன்ஹிதா என்ற இப்போதைய குற்றவியல் சட்டத்தின் 204-ஆம் பிரிவில் குற்றம்.

வழக்கு நிஜமா என்று பார்க்க, நோட்டீசில் சிஎன்ஆர் எண், அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி எண், இருக்கிறதா என்று பாருங்கள். 16 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். இ-கோர்ட்ஸ் தளத்திலோ ஆப்பிலோ போட்டால் வழக்கின் நிலை வந்துவிடும். புரியாவிட்டால் உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி 15100. இன்னொரு பக்கமும் சொல்லிவிட வேண்டும்: வீட்டுக்குத் தபாலில் லோக் அதாலத் நோட்டீஸ் வந்தால், எல்லாம் மோசடி என்று கிழித்துப் போடாதீர்கள். அது கடனைப் பேசித் தீர்க்க வைக்கும் நல்ல வழி. ஆணைக்குழுவில் காட்டிக் கேட்டுவிட்டுப் போய் வாருங்கள்.

அறிகுறி: படத்தை மாற்றி எல்லோருக்கும் அனுப்புவேன் என்கிறார்கள்

இதைப் பற்றி எழுதும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது, அதை மறைக்கவில்லை. திருப்பூரில் ஓவர்லாக் தைக்கும் ஒரு தங்கை, பிள்ளைக்குப் பள்ளி பீஸ் கட்ட ஏதோ ஒரு ஆப்பில் அஞ்சாயிரம் கேட்டாள். கைக்கு வந்தது மூவாயிரத்துச் சொச்சம். ஏழாம் நாளே அஞ்சாயிரமும் கட்டினாள். கட்டிய பிறகும் பாக்கி என்று போன். கொடுக்கக் கொடுக்கப் புதுப் பாக்கி. கடைசியில் அவள் முகத்தை வேறு ஒரு உடம்போடு ஒட்டிய படம். "அண்ணா, எங்க நங்கையா நம்பருக்கு அனுப்பிட்டாங்கண்ணா" என்று மட்டும் சொல்ல முடிந்தது (நங்கையா என்றால் நம்ம பக்கம் அண்ணி முறை). மொத்தம் பதினெட்டாயிரம் போயிருந்தது. அவள் செய்த தப்பு ஒன்றும் இல்லை. அந்த ஆப் கேட்ட அனுமதியில் போனிலிருந்த நம்பர்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டது. கடன் ஆப்கள் அவற்றைத் தொடவே கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

இதில் முதல் வேலை, இதற்கு மேல் ஒரு ரூபாய் கூடப் போடாமல் இருப்பது. பணம் கட்டினால் படம் நிற்காது. கட்டுகிற ஆள் என்று தெரிந்தால் இன்னும் எச்சாகக் கேட்பார்கள்.

இரண்டாவது வேலை, அவர்கள் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுவது. வெட்கமாக இருக்கும்தான். ஆனால் அவர்கள் கையிலிருக்கும் ஒரே ஆயுதம் அந்த வெட்கம். அன்று அந்தத் தங்கை போனிலிருந்து நாங்கள் அனுப்பிய செய்தி இது, வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "என் போனிலிருந்த நம்பர்களை ஒரு மோசடி ஆப் திருடிவிட்டது. என் பெயரில் கடன் என்றோ, என் படம் என்றோ ஏதாவது வந்தால் அது பொய். திறக்க வேண்டாம், யாருக்கும் அனுப்ப வேண்டாம். வந்த நம்பரை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன்." பத்து நிமிடத்தில் அந்த நங்கையாளே கூப்பிட்டு, "நீ எதுக்கு அழுகறே, வா நானும் கூட வர்றேன்" என்றார். அவர்கள் இரண்டு பேரும்தான் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

மூன்றாவது, ஆப்பை உடனே அழித்துவிடாதீர்கள். ஆப்பின் பெயர், கடன் பக்கம், கட்டிய ரசீதுகள், மிரட்டல் செய்திகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொரு போனுக்கு அனுப்பிய பிறகு, செட்டிங்ஸில் அதன் அனுமதிகளை நீக்கி, அப்புறம் அழியுங்கள். கூகுள் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

புகார், 1930 என்ற எண்ணிலோ சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலோ. பெண்களுக்கு எதிரான ஆபாசப் படக் குற்றங்களை அந்தத் தளத்தில் பெயர் சொல்லாமலும் பதியலாம்.

ராத்திரி தூக்கம் இல்லை, வாழ வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் உடனே 14416 என்ற மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-உம் இருக்கிறது. வீட்டில் யாராவது சில நாளாகப் போனைப் பார்த்தாலே திடுக்கிட்டு, சோறுண்ணாமல் இருந்தால், "எவ்வளவு வாங்கினே?" என்று ஆரம்பிக்காதீர்கள். "யாராவது மிரட்டறாங்களா கண்ணு?" என்று கேளுங்கள். பதில் வரும்.

அறிகுறி: இறந்துபோனவர் பெயரில் பாக்கி என்கிறார்கள்

துக்கம் விசாரிக்க வந்த கூட்டம் கலைவதற்குள் இந்தப் போன் வந்த வீடு உண்டு. 'உங்க அப்பா கடன், வாரிசு கட்டணும், இல்லைன்னா நிலத்தை உங்க பேருக்கு மாத்த முடியாது' என்பார்கள். சட்டம் இதுதான்: இறந்தவர் விட்டுப்போன சொத்திலிருந்து உங்களுக்கு வந்த அளவுக்குத்தான் அவருடைய கடன் உங்களைத் தொடும். உங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை, நீங்கள் ஜாமீன் போட்டிருந்தால் ஒழிய. மிரட்டலுக்குப் பயந்து நூறு ரூபாய் கூடப் போடாதீர்கள்.

சொசைட்டிக் கடன் என்று சொன்னால், சொசைட்டிக்கே நேராகப் போங்கள். இறப்புச் சான்றிதழையும் பழைய ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு போனால் அங்கேயே கணக்கைப் பார்த்துச் சொல்வார்கள். 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க் கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடியானது. 'அந்தத் தள்ளுபடியில் உங்க கணக்கு விட்டுப்போச்சு, பத்தாயிரம் கட்டினா சேர்த்திடலாம்' என்று போனில் யாராவது சொன்னால் அது நிச்சயம் மோசடி.

அறிகுறி: பணம் கேட்கவில்லை, லிங்க், ஃபைல், ஓடிபி, ஏதோ ஒரு ஆப்பைப் போடச் சொல்கிறார்கள்

வங்கி நோட்டீஸ் 'ஏபிகே' என்று முடியும் ஃபைலாக வரவே வராது. அது போனுக்குள் நுழையும் ஆப். ஸ்கிரீனைப் பகிரும் ஆப் எதையும் போடச் சொன்னாலும் இதே கதைதான். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையையும் அணைத்துவிட்டு, இன்னொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு யுபிஐ, நெட் பேங்கிங், கார்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் போனை முழுசாக ஃபார்மட் செய்யுங்கள். பணம் *வாங்க* யுபிஐ பின் போடத் தேவையே இல்லை என்பதையும் வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

அறிகுறி: பணம் போட்டாச்சு

இங்கே நிமிடம்தான் கணக்கு. பணம் இன்னொரு கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க வேண்டும். யாரிடம் சொல்வது, வீட்டில் திட்டுவார்களா என்று யோசிப்பதெல்லாம் அப்புறம்.

1. சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். உங்கள் வங்கியின் பெயர், கணக்கு எண், போன தொகை, தேதி, நேரம், பரிவர்த்தனை எண் கேட்பார்கள். யுபிஐ ரசீதில் யுடிஆர் என்று 12 இலக்கத்தில் இருப்பதுதான் அந்தக் கடைசி எண். லைன் கிடைக்கவில்லை என்றால் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பதியத் தொடங்கிக்கொண்டே மறுபடியும் கூப்பிடுங்கள்.

2. வங்கிக்கும் உடனே சொல்லி, புகார் எண் வாங்குங்கள். நாமே ஓடிபியோ பின்னோ கொடுத்துவிட்டால், சொல்லும் வரை ஆன நஷ்டம் நம்முடையது. சொன்ன பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. இது 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. அதனால் சொன்ன நேரம் பதிவாவது முக்கியம்.

3. மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போங்கள். அது தூரம் என்றால் எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம்; எல்லை காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது, ஜீரோ எஃப்ஐஆர் போட வேண்டும்.

அந்தப் புகார் எண்களையெல்லாம் ஒரே தாளில் எழுதி வையுங்கள். பணம் முடக்கப்பட்டாலும் கைக்கு வர நீதிமன்ற உத்தரவு வேண்டியிருக்கலாம், அதற்குச் சில மாதங்கள் கூட ஆகலாம். அத்தனை நாளும் இந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.

இன்னொரு போன் வரும், அதற்கும் தயாராக இருங்கள். ஒரு முறை ஏமாந்தவரின் எண் அவர்களுக்குள் கை மாறும். 'உங்க பணத்தை மீட்டாச்சு, விடுவிக்க சின்னக் கட்டணம்' என்பார்கள். அந்த ஓவர்லாக் தங்கைக்குப் பத்து நாள் கழித்து வந்தது. சைபர் செல்லிலிருந்து பேசுவதாகச் சொன்னவன் இரண்டாயிரம் கேட்டான். அவள் மிஷினை நிறுத்திவிட்டு, டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துப் பிரித்து, "என்னோட புகார் நம்பர் என்னன்னு சொல்லுங்க சார்" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போனை வைத்துவிட்டு அந்த நம்பரையும் அதே தாளில் எழுதிக்கொண்டு, சாயங்காலம் என்னிடம் ஜெராக்ஸ் எடுக்க வந்தாள், ஸ்டேஷனில் கொடுப்பதற்கு.